ஓரிஃப் குடித்த தண்ணீர்

கிர்க்தெராக் ஊரில் பாப்லர் தோப்பு வைத்த மூன்றாம் வருடக் கோடையில் யாருக்கும் கண்ணீர் வரவில்லை. இது முதலில் தெரிந்தது டிராக்டர்க்காரர் ரஹிம்பெர்தியின் சாவு வீட்டில். மகள்கள் துக்கத்துக்குரிய நீல அங்கி அணிந்து முற்றத்தில் நின்று வாய்விட்டு அழுதார்கள். குரல் வந்தது, தொண்டை கட்டியது, கன்னம் மட்டும் காய்ந்தே கிடந்தது. சாவுக்கு வந்த பெண்கள் முதலில் மகள்களைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள். பிறகு தாங்கள் அழப் பார்த்து, தங்களுக்கும் வரவில்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். மலையடிவாரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த ஒருத்தி மட்டும் வந்த வேகத்தில் பொலபொலவென்று அழுதாள். இரண்டு கிண்ணம் தேநீர் குடித்து, ஒரு வேளை சாப்பிட்டதும் அவளுக்கும் நின்றுவிட்டது. கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த சுலைஹோ தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துத் தங்கிய கரு. கண்ணுக்கே தண்ணீர் இல்லாத ஊரில் பிள்ளை எந்தத் தண்ணீரில் மிதக்கும் என்று அவளுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் அதற்குப் பிறகு அவளை விட்டு ஒரு நாளும் இறங்கவில்லை.

கிர்க்தெராக் என்றால் நாற்பது பாப்லர். ஃபெர்கானாச் சமவெளியின் கடைசி வாய்க்காலில் இருக்கிற ஊர் அது. ஆண் பிள்ளை பிறந்தால் அப்பன் வாய்க்கால் கரையில் நாற்பது பாப்லர் கன்று வைக்க வேண்டும். வைக்கும்போது ஒவ்வொரு கன்றின் தண்டிலும் வாயை ஒட்டிப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "குடி, வளர், கூரையாகு" என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கல்யாண வயது வரும்போது மரமும் உத்தரத்துக்கு ஆகியிருக்கும். வெட்டி வீடு கட்டிக்கொள்வார்கள். பெண் பிள்ளைக்கு இது கிடையாது, அவள் இன்னொருத்தன் கூரைக்குப் போகிறவள். இப்படியே எத்தனையோ தலைமுறை போயிற்று, மரத்தாலும் தண்ணீராலும் ஒரு தகராறும் வந்ததில்லை. ஒரு வீட்டு மரம் நிற்கும்போது இன்னொரு வீட்டு மரம் வெட்டுப்படும், வாய்க்காலுக்கு அது கட்டுப்படியானது.

பிறகு நகரத்துக் கொதிகலன் நிலையம் நிலக்கரியை விட்டு மரச் சில்லுக்கு மாறியது. குளிர்காலத்தில் நகரத்து வீடுகளின் குழாய்களில் ஓடுகிற வெந்நீருக்கு மரம் வேண்டியிருந்தது, சீக்கிரம் வளர்கிற மரம், வெட்ட வெட்டத் தளிர்க்கிற மரம். ஒரு நிறுவனம் வந்து கிர்க்தெராக்கின் கீழ் நிலம் முழுவதையும் குத்தகைக்கு எடுத்தது. பருத்திக்குப் பாய்ச்சிப் பாய்ச்சி நிலத்தடி நீர் மேலே ஏறி, உப்புப் பூத்து, மார்ச் மாதத்திலேயே பனி விழுந்ததுபோல் வெளுத்துக் கிடந்த நிலம் அது. அதற்கும் ஒரு ஆள் குத்தகை தருகிறான் என்றதும் ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. நடவுக்கு ஹஷார் கூப்பிட்டார்கள், அதாவது வீட்டுக்கு வீடு ஆள் வந்து கூலியில்லாமல் செய்கிற ஊர் வேலை. நிறுவனத்தின் பொறியாளர், மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான மனிதர், குச்சிகளை வெறுமனே மண்ணில் சொருகிக்கொண்டே போகச் சொன்னார். ஊருக்கு அது கைவரவில்லை. பெயர் சொல்லாமல் பாப்லர் வைப்பது, தொழுகை நடத்தாமல் பிணத்தைப் புதைப்பதுபோல் அவர்களுக்கு உறுத்தியது.

ஆகவே ஒரு வரிசைக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டு, தண்டு தண்டாக வாயை ஒட்டிச் சொல்லிக்கொண்டே போனார்கள். முதலில் வீட்டிலிருந்த மகன்களின் பெயர்கள் தீர்ந்தன. அடுத்து ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போன மகன்கள், அடுத்து செத்துப்போன மகன்கள், அடுத்து கிழவர்களே தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். நிலம் இன்னும் மிச்சமிருந்தது. பிறக்காத மகன்களின் பெயர்களுக்கு வந்தார்கள். சுலைஹோ பதினாறு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயர் ஒன்று உண்டு, ஓரிஃப். அதை அவளும் அவள் கணவன் நுமோனும் வாய்க்காலின் வால் பக்கத்து வரிசையில் ஒவ்வொரு குச்சியாகச் சொல்லி நட்டார்கள். வரிசை முடியும்போது அவள் உதடு முழுக்க மண். மகள்களின் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் வருடம் மரங்கள் நல்லதைத்தான் செய்தன, அதை மறைக்கக் கூடாது. தேங்கி நின்ற கசிவை உறிஞ்சிக் கீழே இறக்கின. நிலவறைகளில் உருளைக்கிழங்கு அழுகுவது நின்றது. உப்பு வெளுப்பு மறைந்து மண் பழுப்பு நிறம் காட்டியது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறுவது நின்று, செத்தவர்கள் பல வருடத்துக்குப் பிறகு உலர்ந்து படுத்தார்கள். நிறுவனத்தாரை ஊர் ஆட்டுக்கறிப் புலாவ் போட்டு அனுப்பிவைத்தது. இரண்டாம் வருடம் மரங்கள் கசிவைத் தாண்டிக் குடிக்க ஆரம்பித்தன. கிணற்றுக் கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டியிருந்தது. உதிர்ந்த இலையையும் சுள்ளியையும்கூட நிறுவனம் பெருக்கி அள்ளிக் கொதிகலனுக்கு ஏற்றியதால் மண்ணுக்கு ஒன்றும் திரும்பவில்லை. மண் எடை குறைந்தது. தந்தூர் அடுப்பைப் பூச ஒரு கூடை மண்ணைத் தூக்கிய பெண், கனக்கும் என்று நினைத்து வேகமாகத் தூக்கி, கூடையைத் தலைக்கு மேலே எறிந்துவிட்டாள். காற்று அடிக்கிற நாளில் தோப்பின் தரை முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்று, காற்று அடங்கியதும் இறங்கியது.

வாளி விஷயமும் அந்த வருடம்தான். வாய்க்காலில் நிரப்பிய வாளி வீட்டுக்குள் வரும்போது பாதியாக இருந்தது. சமோவாரில் கொதித்த தண்ணீர் கிண்ணத்துக்கு வருவதற்குள் காணாமல் போனது. அதே நேரத்தில் கீழே தோப்பில், அந்த வீட்டு மகனின் பெயர் சொன்ன வரிசையில் மட்டும் இலைகள் குளித்தெழுந்ததுபோல் சொட்டின. குடி என்று காதோடு சொல்லி வளர்த்த பிள்ளைகள், தங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தார்கள். ஊர் இதற்குக் கோபப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. ரஷ்யாவுக்கு மகனை அனுப்பிய தாய்மார்களுக்கு ஒரு வகையில் சந்தோஷம்கூட. போன் பண்ணாத பிள்ளை தண்ணீர் குடிக்கவாவது வீட்டுக்கு வருகிறானே என்று அவர்கள் வாளியைத் திறந்தே வைத்தார்கள். மகனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

பொறியாளர் ஒரு நாள் சுலைஹோ வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து விளக்கிப் பார்த்தார். "அம்மா, மரம் தன் வேருக்கு எட்டுறதைத்தான் குடிக்கும். உங்க கிண்ணத்துல வந்து எப்படிக் குடிக்கும்? வரிசையை நெருக்கிப் போட்டுட்டோம், அதான் கிணறு இறங்குது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுத்துட்டு நடுவுல தீவனப் புல் போடணும்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன், மேல யாரும் காதுல வாங்கல" என்றார். பேசி முடித்துத் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தார். கிண்ணத்தின் அடியில் தேயிலை மட்டும் ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னொரு கிண்ணம் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் வருடம் சுலைஹோ உண்டாகி, சாவு வீட்டுக்குப் போய் வந்த மறு வாரம் நகரத்து மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் இயந்திரத்தை வயிற்றில் உருட்டிப் பார்த்து, பையன் என்றார். நுமோன் சிரித்த சிரிப்பு வெளி வராந்தாவரை கேட்டது. பிறகு மருத்துவர் முகம் சுருங்கியது. "புள்ளையைச் சுத்தித் தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கும்மா. நிறையக் குடிக்கணும். இப்படியே போனா புள்ள தங்காது."

அவள் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். கைமாக் பாலாடையும் ரொட்டியும் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீராகவே குடித்தாள். தொண்டையில் இறங்குவது தெரியும், வயிற்றில் சேர்வது தெரியாது. வீட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தால் வால் பக்கத்தில் ஓரிஃப் வரிசை மட்டும் பளபளவென்று நனைந்து நின்றது. மற்ற மரங்களைவிட ஒரு ஆள் உயரம் கூடுதல். தான் விழுங்கிய ஒவ்வொரு மடக்கும் அங்கே போகிறது என்பது அவளுக்குப் புரிந்தபோது, முதலில் பெருமையாக இருந்தது, அதை அவள் பின்னால் ஒப்புக்கொண்டாள். அடுத்த நொடி வயிறு கல்லாக இறுகியது, பெருமை போன இடம் தெரியவில்லை.

நுமோன் அந்தத் தோப்பில்தான் காவல்காரன். கோடரியை எடுத்துக்கொண்டு போய் ஓரிஃப் வரிசையின் முதல் மரத்தை வெட்டிச் சாய்த்தான். பெயர் சொல்லி நட்ட கையாலேயே வெட்டியபின் இரண்டாம் மரத்துக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அது பாப்லர், வெட்டினால் சாகிற சாதி இல்லை. மூன்றாம் நாள் அடிக்கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் தளிர் கிளம்பியது, ஒவ்வொரு தளிருக்கும் தனித் தாகம். அன்று சுலைஹோவின் உதடு வெடித்து ரத்தம் வந்தது.

"இனிமே அங்க கோடரியைக் கொண்டு போகாதீங்க. ஒருத்தனா இருந்தான், இப்ப ஒரு கூட்டமா ஆக்கிட்டு வந்திருக்கீங்க."

"வேற என்னதான் பண்ணச் சொல்ற? பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அங்கயும் என் புள்ள, இங்கயும் என் புள்ள, நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

இருவரும் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஊரில் ஒரே ஒரு கிணறு மட்டும் இறங்காமல் இருந்தது, ஒல்மோஸ் வீட்டுக் கிணறு. ஒல்மோஸ் விதவை, நான்கு பெண்கள், ஆண் வாரிசு இல்லை. நாற்பது பாப்லர் வைக்கக் கொடுத்துவைக்காதவள் என்று ஊர் அவளை எத்தனையோ கல்யாண வீட்டில் பின் வரிசையில் உட்காரவைத்திருக்கிறது. ஹஷாருக்கு அவளும் வந்து குழி தோண்டினாள், சொல்லப் பெயர் இல்லாததால் சும்மா நின்றாள். இப்போது அவள் கிணறு நிறைந்திருப்பதைப் பார்த்து, வாய்க்காலில் திருட்டு மடை போட்டிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். சுலைஹோ வெட்கத்தை விட்டு ஒரு குடத்தோடு அவள் வாசலில் போய் நின்றாள்.

"வாடி வா. ஆம்பளைப் புள்ளக்காரங்க வீட்டுல தண்ணி இல்லியா? உங்க தெருவுல ஆளுக்கு நாலு வரிசை ராஜகுமாரன் நிக்கிறானே, அவனுங்களக் கொண்டாரச் சொல்லு" என்றாள் ஒல்மோஸ். சொல்லிவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தாள். அடுத்த பேச்சு குரல் மாறி வந்தது. "உக்காரு. முதல்ல குடி. குடத்தை அப்புறம் பார்க்கலாம்."

அங்கே குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கியது. பல வாரத்துக்குப் பிறகு பிள்ளை உதைத்தது. ஒல்மோஸ் அவளைத் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னாள், நான்கு பெண்களும் அவளுக்கு மெத்தை விரித்து, வாதுமை ஊறவைத்துக் கொடுத்தார்கள். ஆனால் பெற்றவள் எங்கே இருந்தால் என்ன, பிள்ளைக்கு வழி தெரியும். ஒரு வாரத்துக்குள் வால் பக்கத்திலிருந்து ஒரு வேர் தெருவின் ஓரமாகவே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஒல்மோஸ் வீட்டுச் சுவர்வரை வந்துவிட்டது. அவள் கிணறும் ஒரு முழம் இறங்கியது. ஒல்மோஸ் கயிற்றை ஒரு முழம் நீட்டிக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்ததுதான் சுலைஹோவைச் சுட்டது. அடுத்தவள் கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போக வேண்டுமா என்று படுக்கையைச் சுருட்டினாள்.

அவள் கிளம்பிய காலையில் ஒல்மோஸ் வீட்டுத் தண்ணீர் முறை. ஊர் மதகைத் திறக்கிற முராப் இஸ்மத், எப்போதும்போல் கரையில் நின்று உரக்கக் கூவினார். முறை வருகிற வீட்டை அந்த வீட்டு ஆண் பிள்ளையின் பெயரால்தான் கூவுவது வழக்கம். ஆண் இல்லாத வீடாகையால் அவர், "மொஹிதில் வீட்டு முறை!" என்று ஒல்மோஸின் மூத்த மகள் பெயரைக் கூவினார். சுலைஹோ தெருவில் நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எந்த வீட்டு முறைக்கும் சடசடவென்று திரும்புகிற இலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. கூப்பிட்டது யாரை என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பெயரை யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை.

சுலைஹோ வீட்டு முறை இரண்டு நாள் கழித்து வந்தது. பிறக்கப்போவது பையன் என்று நுமோன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், இஸ்மத் கொஞ்ச நாளாக அந்த வீட்டை ஓரிஃப் பெயரில்தான் கூவிக்கொண்டிருந்தார், மரியாதைக்காக. அவர் வாயைத் திறப்பதற்குள் சுலைஹோ மதகின் மேல் ஏறி நின்றுகொண்டாள். வயிறு பெருத்தவள் மதகில் ஏறியதைப் பார்த்து வரிசையில் நின்ற ஆண்கள் பதறினார்கள்.

"ஸெபோ வீட்டு முறை!" என்று அவள் கூவினாள்.

"யாரும்மா ஸெபோ?" என்றார் இஸ்மத்.

"என் பொண்ணு."

"எங்க இருக்கா?"

"வயித்துல."

கரையில் சிரிப்பு கிளம்பியது. ஒருவன், "டாக்டர் பையன்னு சொன்னதா நுமோன் எங்களுக்கு வோட்கா வாங்கிக் குடுத்தானே, அதைத் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டான். சுலைஹோ அவன் பக்கம் திரும்பவில்லை, நுமோனைப் பார்த்தாள். "டாக்டர் பார்த்தது அண்ணனா இருக்கும். அண்ணன் தோப்புல நிக்கிறான். இது தங்கச்சி. நமக்கு ஒரு பையன் இருக்கான், போதும். நீங்களும் கூப்பிடுங்க" என்றாள்.

நுமோனுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வெகு நேரம் ஆயிற்று. பதினாறு வருடம் காத்திருந்தவன். சொல்லிவிட்டால் பையன் போய்விடுவான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. மனைவியின் வெடித்த உதட்டைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஸெபோ வீட்டு முறை" என்றான். யாருக்கும் கேட்காத குரல்தான், ஆனால் மதகுக்குக் கேட்டது. தண்ணீர் வந்தது. வாய்க்காலில் வந்து, வளவுக்குள் வந்து, வாளியில் நிறைந்து, நிறைந்தது நிறைந்தபடி இருந்தது. சுலைஹோ அந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள்.

அடுத்த முறைக்கே ஊர் மாறிவிட்டது. சிரித்தவர்கள் முதலில் மாறினார்கள். மொத்த ஊர்த் தண்ணீரும் மகள்களின் பெயரில் ஓடியது. மகள் இல்லாதவர்கள் மருமகள் பெயரைச் சொன்னார்கள், அதுவும் இல்லாதவர்கள் ஒல்மோஸிடம் வந்து, நான்கில் ஒரு பெயரை இரவல் கேட்டார்கள். அவள் அவர்களைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கவைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். அதன் பின் கல்யாண வீடுகளில் அவளுக்கு முன் வரிசை. ரஷ்யாவுக்கு மகனை அனுப்பிய தாய்மார்கள் கடைசிவரை முரண்டு பிடித்தார்கள். அவர்களும் ஒருவர் பின் ஒருவராக விட்டுக்கொடுத்தார்கள், ரஹிம்பெர்தியின் நாற்பதாம் நாள் விருந்துக்குள் எல்லோரும் நன்றாக அழ முடிந்தது. மரங்கள் வேருக்கு எட்டுவதை மட்டும் குடித்தன. விளைச்சல் குறைந்தது என்று நிறுவனம் முணுமுணுத்தது, பொறியாளர் சொன்னபடி வரிசை விட்டு வரிசை எடுத்து நடுவில் குதிரைமசால் போட்டார்கள், இலையை மண்ணிலேயே விட்டார்கள். தரை எழும்புவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. காற்று பலமாக அடித்தால் இன்னும் ஒரு விரல்கடை எழும்பத்தான் செய்கிறது.

மாதுளை பழுக்கும் காலத்தில் பிள்ளை பிறந்தது, பெண். மருத்துவர் பழைய படத்தையும் பிள்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இயந்திரத்தைத் துடைத்து வைக்கச் சொன்னார். நுமோன் மகளைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். திரும்பியபோது முகம் நனைந்திருந்தது.

ஓரிஃப் வரிசையை எடுக்க வேண்டிய முறை வந்தபோது நுமோன் காவல்காரன் என்ற செல்வாக்கில் பக்கத்து வரிசையை எடுக்கவைத்தான். ஆனாலும் அந்த வரிசைதான் எல்லாவற்றையும்விட மோசமாக வாடியது. அம்மா வீட்டுத் தண்ணீரிலேயே செல்லமாக வளர்ந்தவனுக்கு ஆழத்தில் வேர் விட்டுப் பழக்கமில்லை. நடுக்கோடையில் உச்சி கருகி இலை துருவாக உதிர்ந்தது. சுலைஹோ அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினாள், பழக முடியவில்லை. ஒரு மத்தியானம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் தண்ணீரோடு போனாள். "உனக்குத் தரக்கூடாதுன்னு இல்லடா. நீ கேட்டா நிறுத்தவே தெரியலியே உனக்கு. இது ஒரு கிண்ணம். இதோ பாரு, தங்கச்சி. இவளுக்கும் வேணும்" என்று சொல்லி அடியில் ஊற்றினாள். மரம் அந்த ஒரு கிண்ணத்தைக் குடித்தது. வீட்டுக்கு வந்து வாளியைப் பார்த்தாள், குறையவில்லை. அதிலிருந்து முறை நாள் தவறாமல் ஒரு கிண்ணம்.

ஸெபோ நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, தன் வீட்டு முறையைத் தானே கூவுகிற வயதும் வந்தது. குரல் கணீரென்று இருந்தது. வளவு நிறைந்ததும் அவள் வாய்க்காலின் வாலுக்கு ஓடி, குதிகாலால் மண்ணைக் கீறித் தோப்புப் பக்கமாக ஒரு சின்ன வழி வெட்டிவிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு முறை இஸ்மத் மேலே நின்று, "ஏ பொண்ணே, தண்ணி எங்க போவுது?" என்று அதட்டினார்.

"அண்ணனுக்கு மாமா!"

இஸ்மத் மதகுப் பலகையை இறக்கப்போன கையை நிறுத்திக்கொண்டார். பின்னால் முறைக்குக் காத்திருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். இரண்டு பிள்ளை இருக்கிற வீடு, கொஞ்சம் கூடுதலாகத்தான் ஓடும் என்றார். அவர்கள் சரி என்று உட்கார்ந்துகொண்டார்கள்.